முயல் பின்னி எவ்வளவு உழைச்சனீங்கள்?

போன மாதம் எங்கட பீடத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. இறுதி வருடக்காரர் கட்டாயம் வரவேண்டும் என்று வரவுத்தாள் வேறு வைத்திருந்தார்கள். வந்தவர் தன்னைப் 'பயிற்றுவிப்பாளர்' என்று அறிமுகப்படுத்தினார். எதைப் பயிற்றுவிக்கிறவர் என்பது கடைசிவரை விளங்கவில்லை. முதல் சிலைட்டில் 'உங்கள் பொழுதுபோக்கே உங்கள் வருமானம்'. இரண்டாவதில் ஒரு பெடியன் நித்திரை கொள்கிறான், தலைக்கு மேலே டொலர் நோட்டுகள் பறக்கின்றன. "பாடத் தெரியுமா, வரையத் தெரியுமா, கேக் அடிக்கத் தெரியுமா? ஒருக்கா வீடியோ எடுத்து ஒன்லைன் கோர்ஸ் ஆக்கிப் போடுங்கோ. அதுக்குப் பிறகு நீங்கள் நித்திரை கொண்டாலும் காசு வரும். ஆர்ட்ஸ் படிச்சிட்டு வேலை இல்லை எண்டு ரோட்டில கொட்டில் போட்டு இருக்கத் தேவையில்லை."

மண்டபம் சிரித்தது, கைதட்டியது. ரோட்டில் கொட்டில் போட்டு இருந்தவர்கள் எங்கட சீனியர் அக்காமாரும் அண்ணாமாரும்தான் என்பது அந்த நேரம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லைப் போல. கடைசி சிலைட்டில் ஒரு கியூஆர் கோட். கோர்ஸ் செய்வது எப்படி என்ற அவருடைய இரண்டு நாள் கோர்ஸுக்கு, மாணவர் விலை 4900 ரூபா. நான் கையை உயர்த்தினேன். நேரம் போய்விட்டது, தேத்தண்ணி தயார் என்றார்கள்.

கேட்க இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதை இங்கே கேட்கிறேன். ஆனால் அதற்கு முதல் என்னைப்பற்றிச் சொல்லவேணும், ஏனென்றால் அவர் சொன்னதை நான் ஏற்கனவே செய்து காசும் பார்த்தவள்.

2022இல் கம்பஸ் பூட்டி, திறந்து, திரும்பப் பூட்டி, மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் குரோசே பின்னப் பழகினேன். யூடியூப் பார்த்துத்தான். ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல்பந்து, கரண்ட் வரும் நேரம் வீடியோ, கரண்ட் போனால் பின்னல். எட்டு மாதத்தில் முயல், கரடி, ஆமை எல்லாம் வந்தது. பேஸ்புக்கில் படம் போட்டேன். முயல் ஒன்று 1800 ரூபா. நூலும் பஞ்சும் கண்ணும் 500 போய்விடும். ஒன்று பின்னி முடிக்க எனக்கு எட்டு மணித்தியாலம். மிச்சம் 1300ஐ எட்டால் பிரித்துப் பாருங்கள், மணித்தியாலத்துக்கு 160 ரூபா சொச்சம். ஆமை கொஞ்சம் பரவாயில்லை, காது இல்லைத்தானே.

பிறகு ஒரு தங்கச்சி இன்பொக்ஸில் கேட்டாள், "அக்கா, கிளாஸ் எடுப்பீங்களா?" எடுத்தேன். ஐந்து கிழமை, சனி ஞாயிறு ஒவ்வொரு மணித்தியாலம், சூமில். வட்ஸ்அப் குறூப், சான்றிதழ் எல்லாம் உண்டு. ஒரு ஆளுக்கு 3500. பதினொரு பேர் சேர்ந்தார்கள். 38,500 ரூபா. ஆயத்தம் செய்த நேரத்தையும் சேர்த்தால் முப்பது மணித்தியாலம் போயிருக்கும். முயல் பின்னினதை விட ஏறக்குறைய எட்டு மடங்கு கூலி.

இந்தக் கணக்குத்தான் எல்லாவற்றுக்கும் வேர். பின்னினால் 160, பின்னப் படிப்பித்தால் 1280. புத்தியுள்ள ஆர் பின்னுவா? நான் பின்னுவதை விட்டுவிட்டேன். அடுத்த பட்சுக்கு போஸ்டர் செய்தேன். 'வீட்டிலிருந்தே உழைக்கலாம், உங்கள் சொந்தக் காலில் நில்லுங்கள்' என்று எழுதினேன். என் முயல்கள் எவ்வளவுக்கு விற்றன, மாதத்தில் எத்தனை விற்றன என்று எழுதவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். போஸ்டரில் பொய் இல்லை. பொய் இருந்த இடம் போஸ்டருக்கு வெளியே. அந்தப் பதினொரு பேரில் எட்டுப்பேர் குரோசே மேல் ஆசைப்பட்டு வரவில்லை. வேலை இல்லாமல் வந்தவர்கள். ஏ.எல். முடித்துவிட்டு இருந்தவர்கள், கலியாணம் முடித்துக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தவர்கள். அவர்கள் வாங்கினது பின்னல் இல்லை, 'உழைக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லை. அதை என்னிடம் வாங்கினார்கள். நானோ பின்னி உழைக்க முடியாததால்தான் படிப்பிக்கவே வந்திருந்தேன்.

மூன்றாவது மாதம் அந்தப் பதினொரு பேரில் ஆறு பேர் அதே பேஸ்புக் குறூப்புகளில் முயல் விற்றார்கள். 1800 முயல் 1500 ஆகி, 1200 ஆனது. எங்கட ஊரில் 1200 கொடுத்து நூல்முயல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? பிறந்தநாளுக்கு ஒன்று, கனடாவிலிருந்து லீவில் வந்த சித்தி இரண்டு. அவ்வளவுதான் சந்தை. நான்காவது மாதம் அவர்களில் ஒருத்தி தானே ஒரு ஒன்லைன் கிளாஸ் தொடங்கினாள். 2000 ரூபா. எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கோ! என்ட பட்டேனைத்தான் படிப்பிக்கிறாள் என்று சினேகிதியிடம் கத்தினேன். அவள் கேட்டாள், "உனக்கு அந்தப் பட்டேன் எங்கால வந்தது?" யூடியூப்பில், முகம் தெரியாத ஒருத்தி சும்மா போட்டது.

அன்றைக்குத்தான் விளங்கியது. இது பின்னலைப் பரப்புகிற வேலை இல்லை. பின்னல் படிப்பிக்கிறவர்களைப் பெருக்குகிற வேலை. கீழே புதிதாக ஆக்கள் சேரும்வரைக்கும் மேலே இருக்கிறவருக்குக் காசு. சேருவது நின்றால் எல்லார் வீட்டிலும் முயல்.

"அப்ப ரியூசன்?" என்று கேட்பீர்கள். நல்லாய்க் கேளுங்கள். இலவசக் கல்வி 1945இல் வந்த நாட்டில், ரியூட்டரிக்குப் போகாமல் ஏ.எல். எடுத்தவரைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்ற நிலை வெட்கக்கேடுதான். ஆனால் கணக்கு மாஸ்டர் ஒருநாளும் 'என்னட்டப் படிச்சால் நீயும் கணக்கு மாஸ்டராகி உழைக்கலாம்' என்று சொல்லிச் சேர்ப்பதில்லை. பிள்ளைக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. பெறுபேறு வெளியே வரும். மாஸ்டர் சரியா பிழையா என்று ஊரே சொல்லும். ஒன்லைன் ஆரி கிளாஸுக்கு எந்தப் பெறுபேறு? கிளாஸ் முடிந்த கையோடு "சூப்பர் அக்கா, நல்லா விளங்கிச்சு" என்று வந்த மெசேஜின் ஸ்கிரீன்ஷொட். அது கிளாஸ் நல்லதா என்று சொல்லும். உழைப்பு வந்ததா என்று சொல்லாது. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கிரீன்ஷொட் ஒன்றை எவராவது போட்டு நான் பார்த்ததில்லை.

ஆரி என்று சொன்னதால் கிளிநொச்சியில் இருக்கிற என் மச்சாளின் கதையையும் சொல்லவேண்டும். அவவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்று வருடத்தில் நாலு கோர்ஸ்: கேக் ஐசிங், மெஹந்தி, சோப் செய்தல், ஆரி. ஆரியில் மட்டும் மூன்று படி. அடிப்படைக்கு ஒரு காசு, அட்வான்ஸுக்கு ஒரு காசு, கலியாணப் பிளவுஸுக்கு வேறு காசு. பிரேம், ஊசி, மணி, சரிகை நூல் எல்லாம் கிளாஸ் எடுத்தவவிடமே வாங்கவேண்டும். சான்றிதழ் கூரியரில் வர 750. தங்கச் சங்கிலி ஒன்று அடகுக்குப் போனது. இப்போது அவவுக்கு மாதத்துக்கு ஒரு பிளவுஸ் வருகிறது, சில மாதம் அதுவும் இல்லை. அதே ஒழுங்கையில் இன்னும் மூன்று பேர் ஆரி செய்கிறார்கள். அவ எனக்குச் சொன்னது: "வேலை பிழையில்லையடி. எனக்கு நல்லா வரும். ஆனா எல்லாருக்கும் நல்லா வருது."

அந்தச் சான்றிதழை நான் பார்த்தேன். பொன்னிற ஓரம், ரிபன், 'சர்வதேச' என்ற சொல் இரண்டு இடத்தில். அதை வைத்து ஒரு வங்கியிலும் கடன் கேட்க முடியாது, ஒரு நிறுவனத்திலும் வேலை கேட்க முடியாது. இந்த நாட்டில் தொழிற்தகைமை என்றால் என்விகியூ. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் ஏழு மட்டமாக இருக்கிறது. தையல், பேக்கரி, அழகுக்கலை மாதிரித் துறைகளில், ஒரு கோர்ஸும் செய்யாமல் கைப்பழக்கத்தால் வேலை தெரிந்தவர்கள்கூட முன்கற்றலுக்கான அங்கீகாரம் என்ற வழியில் மதிப்பீட்டுக்குப் போய் என்விகியூ எடுக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களில் விசாரிக்கலாம். மச்சாளுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நாலு கோர்ஸ் விற்ற நாலு பேருக்கும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

வீடியோவில் புதிதாக வந்தது மாதிரித் தெரிந்தாலும் இது எங்கட ஊருக்குப் புதிது இல்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேறின சனத்துக்கு 'வாழ்வாதாரம்' என்று வந்தவை என்ன? தையல் மெஷின், கோழிக்குஞ்சு, ஆடு. ஐந்து நாள் பயிற்சி, ஒரு குறூப் போட்டோ, பின்னால் பனர். என் பெரியம்மாவுக்கும் ஒரு மெஷின் கிடைத்தது. ஊரில் எல்லாருக்கும் மெஷின் கொடுத்தால் ஆர் தைக்கக் கொடுக்கிறது, எல்லாரும் கோழி வளர்த்தால் ஆர் முட்டை வாங்கிறது என்று திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. அதன்பின் அதே வாசலுக்கு நுண்கடன்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், சுயதொழிலுக்கு என்று சொல்லித்தான். கடைசியில், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசாங்கமே கழித்துவிடப் பார்க்கவேண்டிய நிலை வந்தது. வேலை இல்லாதது சந்தையின், அரசின் பிரச்சினை. அதை ஒரு பெண்ணின் 'திறமை இன்மை' ஆக்கி, அந்தத் திறமையை அவளுக்கே விற்பது பழைய வியாபாரம். அன்றைக்கு பனரோடு வந்தது, இன்றைக்கு சூம் லிங்க்கோடு வருகிறது. ஒரு வித்தியாசம், அன்றைக்கு மெஷின் சும்மா கிடைத்தது.

இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள்: தமிழில் சின்னச் சந்தை, ஆங்கிலத்தில் செய், உலகத்துக்கு வில். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறினதைப் பார்த்த எங்களுக்கு அந்தச் சொல் இனிக்கும். சரி, யூடெமியை எடுப்போம். உங்கட சொந்த லிங்க்கால் ஒருவர் வாங்கினால் 97 வீதம் உங்களுக்கு. அதாவது நீங்களே ஆள் பிடித்தால். அவர்களுடைய தளத்தில் தேடி வந்து வாங்கினால் உங்களுக்கு 37 வீதம், அதுவும் கழிவு விலையில் விற்றால் அந்தக் கழிவு விலையில். மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறவர்களின் காசில் ஆசிரியர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் போகும் பங்கு 25 வீதமாக இருந்தது. 2024இல் 20, 2025இல் 17.5, 2026க்கு 15 என்று படிப்படியாகக் குறைப்பதாக அவர்களே அறிவித்தார்கள். அதைப் பார்த்த நிமிடக் கணக்கில் பிரிப்பார்கள். நித்திரை கொள்ளும்போது காசு வருவது உண்மைதான், ஆனால் அது வருகிறது தளத்துக்கு. பேபாலில் காசு அனுப்பலாம் ஆனால் வாங்க முடியாது என்று வருடக்கணக்காக இருந்த நாட்டில், வருகிற பத்து டொலரை எடுக்கவே ஒரு கோர்ஸ் தேவை. அதையும் விற்கிறார்கள் என்று கேள்வி.

'ஒருக்கா வீடியோ எடுத்தால் காணும்' என்கிறாரே, அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். எம்ஐடியும் ஹார்வர்டும் எடெக்ஸில் போட்ட கோர்ஸ்களை வைத்து 2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. 2017-18இல் பதிந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் சொச்சம்தான் முடித்திருந்தார்கள். காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் முடிக்கவில்லை. வீடியோ விற்கிறவருக்கு இது நட்டம் இல்லை. காசைக் கட்டிவிட்டு இரண்டாவது பாடத்தோடு நிற்கிறவரைப்போல நல்ல வாடிக்கையாளர் உண்டா? கேள்வி கேட்கமாட்டார், குறை சொல்லமாட்டார், தன்னில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு அடுத்த கோர்ஸ் வாங்குவார்.

படிப்பிக்கிறது அப்படி இல்லை. என் கிளாஸில் ஒரு தங்கச்சி இடக்கைக்காரி. நான் செய்கிறதைப் பார்த்துச் செய்யச் செய்ய அவளுக்குச் சிக்கிக்கொண்டே இருந்தது. மற்றவர்களை விட்டுவிட்டு அவளுக்கு மட்டும் வீடியோவைக் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எனக்கு விளங்க இரண்டு கிழமை எடுத்தது. இன்னொருவருக்கு வட்டம் தட்டையாக வராமல் கிண்ணம் மாதிரிக் குழிந்துகொண்டு போனது. ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துநாலு என்று சுற்றுக்கு ஆறு தையல் கூடவேண்டும், அவ எங்கேயோ விட்டிருந்தா. வீடியோவுக்கு அது தெரியாது. நான் கமராவில் அவவின் கையைப் பார்த்து எண்ணினதால் தெரிந்தது. வேறொருவர் ஒரு பிரித்தானியப் பட்டேனை எடுத்துவைத்து இரவு முழுக்க அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினார். அமெரிக்கர் சிங்கிள் குரோசே என்பதைத்தான் பிரித்தானியர் டபிள் என்கிறார்கள் என்பது எனக்கே அன்றுவரை தெரியாது. ஐந்து கிழமையில் நான் உண்மையாகக் காசுக்கு உழைத்தது இந்த மாதிரி நேரங்களில்தான். அவர் தன் சிலைட்டில் 'தேவையில்லை' என்று வெட்டி எறிந்ததும் இந்த நேரங்களைத்தான்.

ஆகவே காசு வாங்கிப் படிப்பிக்கிறது பிழை என்று நான் சொல்லவரவில்லை. முந்தி அம்மம்மா காலத்தில் எல்லாரும் அன்பாகச் சொல்லிக்கொடுத்தவை, இப்பதான் வியாபாரம் ஆகிவிட்டது என்று கதைவிடவும் மாட்டேன். பனையோலையில் ஆர் பெட்டி இழைக்கிறது, ஆர் கடகம் பின்னுகிறது என்பதிலேயே சாதி இருந்த ஊர் எங்களுடையது. அந்தக் கைகளுக்கு ஒருநாளும் சரியான கூலி கிடைக்கவில்லை. ஒரு பெண் தன் கைவேலைக்கும் நேரத்துக்கும் விலை சொல்வது எனக்குச் சந்தோசம். ஆசைக்குப் பழக வருகிறவருக்கு ஆசையை விற்றுவிட்டுப் போங்கள். 'குரோசே பழகலாம், பொழுது போகும், பிள்ளைக்கு ஒரு தொப்பி பின்னலாம், 3500' என்று போடுங்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. அப்படிப் போட்டால் எத்தனை பேர் சேர்வார்கள் என்பதுதான் உங்களுக்கும் எனக்கும் உள்ள பயம்.

'உழைக்கலாம்' என்று போடுகிறீர்களா? அப்ப கணக்கைக் காட்டுங்கள். இதுதான் நான் அந்த மண்டபத்தில் கேட்க இருந்த கேள்வி. இந்த வேலையைச் செய்து போன வருடம் எவ்வளவு உழைச்சனீங்கள், இந்த வேலையைப் படிப்பிச்சு எவ்வளவு உழைச்சனீங்கள்? இரண்டு தொகையையும் போஸ்டரில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கோ. முதலாவது இரண்டாவதைவிடப் பெரிதாக இருந்தால் நானே வந்து சேருகிறேன். காசு கட்டமுன் எல்லாரும் இதை இன்பொக்ஸில் கேட்கவேண்டும். பதில் வராது, அல்லது 'நெகட்டிவ் ஆக்கள் எங்களுக்கு வேண்டாம்' என்று புளொக் பண்ணுவார்கள். அதுவும் ஒரு பதில்தான்.

பொறாமையில் எழுதுகிறாள் என்று சொல்லப்போகிறவர்களுக்கு: இல்லை, 38,500 ரூபா என் கையிலும் வந்ததுதான். 'ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப்போறாய்' என்று கலியாண வீடு, செத்த வீடு எல்லா இடத்திலும் கேட்கிற மாமாமாருக்குக் கொஞ்ச நாள் பதிலாகவும் இருந்தது. சும்மா, ஒன்றுக்கும் உதவாமல், கரண்ட் போன நேரத்தில் பின்னின ஒரு விசயம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்ச் செத்துப்போனது. இரண்டாவது பட்ச் போஸ்டர் இன்னும் போனில் கிடக்கிறது. போடவில்லை. ஊசியையும் ஒரு வருடத்துக்கு மேலாகத் தொடவில்லை.

கருத்தரங்கு முடிந்து வந்த இரவு அந்தப் பழைய வட்ஸ்அப் குறூப்பில் ஒரு வொய்ஸ் போட்டேன். முயல் விற்று மொத்தம் எவ்வளவு உழைத்தேன், கிளாஸில் எவ்வளவு என்று சொன்னேன். உழைக்கலாம் என்று நம்பிச் சேர்ந்த ஆக்கள் கேட்டால் மாதம் ஒருவருக்காகக் காசைத் திருப்பித் தருகிறேன், ஒரேயடியாகத் தர என்னட்ட இல்லை என்றும் சொன்னேன். நாலு பேர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் குறூப்பை விட்டுப் போனார். தனக்குக் கிளாஸ் இப்ப நல்லாப் போகுது, இப்பிடிக் கதைச்சு மற்றவையின்ட பிழைப்பைக் கெடுக்காதேங்கோ அக்கா என்று 2000 ரூபா கிளாஸ்காரி எழுதினாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவளுக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. இரண்டு பேர் காசு கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், மற்றவருக்கு வாற மாதம்.

இடக்கைத் தங்கச்சி காசு வேண்டாம் என்றாள். அவளுக்கு முயலின் இடக்காது எப்போதும் சரிந்துதான் நிற்குதாம், ஒருக்கா வீடியோ கோலில் பார்க்கேலுமா என்று கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஊசியைத் தேடவேணும்.